வன்னியில் பழைய இடம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் அது யாருடைய காணி என்று கேளுங்கள்

போன ஆவணியில் கனடாவில் இருந்து சின்னம்மா குடும்பம் வந்து நின்றது. "பிள்ளையளுக்கு வன்னியைக் காட்டோணும்" என்று அவர் சொல்ல, வவுனியாவில் ஒரு வான் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டோம். இரண்டாம் நாள் ஒரு பழைய இடத்தில் (பெயர் தேவையில்லை) இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வர முக்கால் மணித்தியாலம். அதற்குள் வானின் பக்கக் கண்ணாடியை உடைத்துச் சின்னம்மாவின் கைப்பையைக் கொண்டுபோய்விட்டார்கள். கடவுச்சீட்டு, இரண்டு போன், வங்கி அட்டைகள் எல்லாம் அதற்குள்தான். அதற்குப் பிறகு நான்கு நாள் நாங்கள் கோட்டையும் பார்க்கவில்லை, குளமும் பார்க்கவில்லை. மூன்று பொலிஸ் நிலையங்களின் வாங்குகளைத்தான் பார்த்தோம்.

அந்த அலைச்சலில் பாதி எங்கள் பிழை. என்னென்ன பிழை என்று ஒழுங்காக எழுதி வைக்கிறேன். முதல் தடவை வருகிறவர்களுக்கும் வெளிநாட்டு உறவுகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் உதவும்.

1. காணி யாருடையது என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

சிகிரியா மாதிரி வாசலில் ஒரு ரிக்கற் கவுண்டர், ஒரு காவலாளி, ஒரு பொறுப்பதிகாரி என்று வன்னியில் அநேக இடங்களில் கிடையாது. மன்னார் கோட்டைக்குள் யாரும் கேட்காமல் நடந்து போகலாம். அரிப்பு அல்லிராணிக் கோட்டை கடற்கரையில் திறந்த வெளியாகக் கிடக்கிறது. கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவுக்கல் றோட்டில் போகிறவர் எவரும் இறங்கிப் பார்க்கக்கூடிய இடம். கேட்க ஆளில்லை என்பதால் சொந்தக்காரர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் கட்டடம் தொல்பொருள் திணைக்களத்தின் கையில், சுற்றியுள்ள காடு வனவளத் திணைக்களத்தின் கையில், பூசை கோயில் நிர்வாகத்தின் கையில், போகிற பாதை பிரதேச சபையின் கையில் இருக்கும். சில இடங்களில் பக்கத்தில் படை முகாமும் இருக்கும். ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

ஆகவே புறப்பட ஒரு கிழமைக்கு முன்னமே அந்தப் பகுதிக் கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ மூன்று கேள்வி கேளுங்கள். காணி எந்தத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது? உள்ளே போக, படம் எடுக்க அனுமதி வேண்டுமா? அந்த இடம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறது? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு மூன்று பேராகப் போனால் வாய்ச் சொல்லே போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சங்கம், ஊடகம் என்று கூட்டமாகப் போவதென்றால் தொல்பொருள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியைக் கையில் வைத்திருங்கள். மாணவர் சுற்றுலாவுக்கு வலயக் கல்வி அலுவலக அனுமதியும் தேவை. ட்ரோன் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதியாமல், இடத்துக்கான அனுமதியும் எடுக்காமல் வன்னி வானத்தில் அதை ஏற்ற வேண்டாம். பெட்டியோடு வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

2. கையில் என்ன, வீட்டில் என்ன

கையில் வைத்திருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டையின் மூலம், வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்றால் படமுள்ள பக்கத்தினதும் விசாவினதும் பிரதி. கடவுச்சீட்டைத் தங்குமிடத்தில் பூட்டி வைக்கலாம், அல்லது உடம்போடு கட்டிக்கொள்ளலாம். வானுக்குள் விடவே கூடாது.

புறப்பட முதல் நாள் இரவு ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: கடவுச்சீட்டு எண், ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ எண் (*#06# அழுத்தினால் வரும்), வங்கி அட்டையை நிறுத்த அழைக்க வேண்டிய இலக்கம். அந்தத் தாளில் ஒரு பிரதி வீட்டில் நிற்கிறவரிடம் இருக்கட்டும். பிரதி எடுக்க நூறு இருநூறு ரூபா போகும். இதைச் செய்யாததால், சின்னம்மாவின் போன் பெட்டியை மிசிசாகாவில் யாரோ தேடி எடுத்து எண்ணைப் படம் பிடித்து அனுப்பும் வரை நாங்கள் பொலிசில் ஒரு பகல் முழுக்க இருந்தோம். அங்கே அப்போது நள்ளிரவு.

3. நேரமும் காலமும்

காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் நான்கு மணிக்குள் காட்டுப் பாதையை விட்டு வெளியே வந்துவிடலாம். மடு றோட், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் பொழுது சாய்ந்தால் யானை றோட்டுக்கு வரும். நின்றால் ஹோன் அடிக்காதீர்கள், லைற்றை அடித்து அடித்து அணைக்காதீர்கள், படம் எடுக்க இறங்கவே இறங்காதீர்கள். தூரத்தில் நிறுத்தி, பின்னால் எடுத்து, அது போகும்வரை பொறுங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. குளங்கள் நிரம்பி வழியும், காட்டுப் பாதைகளில் சேறு கழுத்தைப் பிடிக்கும். ஆடி, ஆவணியில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கணக்கு. மாசி, பங்குனி எனக்குப் பிடித்த காலம்.

கூகிள் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. மன்னாரில் இருந்து சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வழியாகப் புத்தளத்துக்குக் குறுக்கு வழி காட்டும். அது வில்பத்துக்குள்ளால் போகிற பாதை. அது பற்றி நீதிமன்ற வழக்கே இருந்தது. சிலாவத்துறையில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டு "அங்காலை விடுவாங்களோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

4. கால் வைக்கும் இடம்

இதை விரிவாகத்தான் எழுத வேண்டும். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புத் தலை வைத்த கட்டைகள், சிவப்பு நாடா ஆகியவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அதற்கு அப்பால் ஓரடியும் இல்லை. பலகை விழுந்திருக்கலாம், கறையான் தின்றிருக்கலாம். ஆகவே பலகை இல்லாத இடத்திலும் சனம் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். "ஒதுங்கப்" போகிறவர்களும் அப்படித்தான். துருப்பிடித்த இரும்பு, குழாய் மாதிரி ஏதாவது கிடந்தால் தொடாமல், காலால் தட்டாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து 119க்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். சின்னம்மாவின் மகனுக்குப் பதினொரு வயது. அவனுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாட்டைவிட, தேநீர்க்கடை ஐயா தன் முழங்காலுக்குக் கீழே இருந்த பொய்க்காலைத் தட்டிக் காட்டியது போதுமாக இருந்தது.

அடுத்தது பாழ் கிணறுகள். இடம்பெயர்ந்து விட்டுப்போன வளவுகளில் கட்டில்லாத கிணறுகள் பற்றைக்குள் மூடிக் கிடக்கும். பழைய கட்டடங்களைச் சுற்றியும் இருக்கும். பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள்.

அல்லிராணிக் கோட்டை நிற்கும் மண்மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது. விளிம்பில் நின்று செல்பி எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். விளிம்புக்கு அடியில் மண் குடைந்திருப்பது மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. கீழே கடற்கரையில் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் விளங்கும். முதலில் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

மலைகளில் குளவிக் கூடு இருக்கும். வாசனைத் திரவியம், புகை, சத்தம் மூன்றும் அங்கே வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் விட்டுவிட்டு 1990க்கு அடியுங்கள், ஆளை நடக்கவிடாதீர்கள். சிக்னல் இல்லாத இடம் என்றால் காத்திருக்காமல் வாகனத்தில் ஏற்றி, வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் கிட்ட உள்ளதுக்கு ஓடுங்கள்.

5. எடுக்காதீர்கள், ஏறாதீர்கள், மண்வெட்டி கொண்டு போகாதீர்கள்

மழை பெய்து ஓய்ந்த பிறகு பழைய துறைமுகமான மாந்தைப் பக்கம் நடந்தால் மண்ணில் சின்னச் சின்ன மணிகள், ஓட்டுத்துண்டுகள் மினுங்கும். பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கமாட்டார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். சுண்டுவிரல் நுனியளவு மணிக்கும் அதே சட்டம்தான். விமான நிலையத்தில் பையைக் கிண்டும்போது அகப்பட்டால் "நினைவுக்கு எடுத்தது" என்ற கதை எடுபடாது. இதில் பிணையும் இலகுவில் கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம்.

ஏறிப் படம் எடுப்பதும் அப்படித்தான். 2019 தையில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் ஹொரவப்பொத்தானையில் ஒரு பழைய தூபியின் மேல் ஏறி எடுத்த படங்கள் முகநூலில் பரவியதும் பிடிபட்டு, விளக்கமறியலில் இருந்து, தண்டம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். இடத்தில் அந்த நேரம் யாரும் தடுக்கவில்லை என்பது அவர்களுக்கு உதவவில்லை.

மண்வெட்டிக் கதை எங்களுடையது. மாமி வீட்டில் நடுவதற்கு என்று இரண்டு தென்னம்பிள்ளை, ஒரு மண்வெட்டி, ஒரு அலவாங்கு எல்லாம் வானின் பின்னால் கிடந்தன. வன்னியில் புதையல் தோண்டுகிறார்கள் என்று பிடிபடுவது கிழமைக்கொரு செய்தி. சோதனைச் சாவடியில் அந்த அலவாங்கைக் கண்டவுடன் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். தென்னம்பிள்ளைகள் சாட்சி சொன்னபடியால் தப்பினோம்.

6. பிரச்சினை உள்ள இடங்கள்

குருந்தூர்மலை, வெடுக்குநாறி மலை இரண்டும் வழிபாட்டுக்கும் தொல்பொருளுக்கும் இடையில் வழக்கும் வாக்குவாதமுமாக இருக்கிற இடங்கள். 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவு வெடுக்குநாறியில் எட்டுப் பேரைக் கைது செய்தார்கள். மார்ச் 19 அன்று வவுனியா நீதிமன்றம் விடுவித்தது. இங்கே போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் சனம் காலங்காலமாகக் கும்பிட்ட இடங்கள். ஆனால் விசேட நாளில் போவதென்றால் ஆலய நிர்வாகத்தோடு முதலிலேயே கதைத்து, அந்த நாளில் நீதிமன்றக் கட்டளை ஏதாவது நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கல் பானை, விளக்கு, கற்பூரம் எதையும் அவர்களிடம் கேட்காமல் கொண்டு போக வேண்டாம்.

7. களவு நடந்துவிட்டால், முதல் ஒரு மணித்தியாலம்

எங்கள் முதல் பிழை: சாரதித் தம்பி நல்ல மனிசன், பிள்ளைகளின் காலில் குத்தும் என்று வேப்பங்குழை ஒடித்து உடைந்த கண்ணாடி முழுவதையும் கூட்டி எறிந்துவிட்டார். இரண்டாவது பிழை: பதறிப்போய் வானை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரத்துக்குப் போய்விட்டோம்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாகனத்தை அசைக்காமல் 119க்கு அழையுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கதவு, சுற்றாடல் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். வரைபடத்தில் நிற்கும் இடத்தை ஸ்கிரீன்சொட் எடுங்கள். பக்கத்தில் ஆடு மேய்த்தவர், கச்சான் விற்றவர் யாராவது நின்றால் பெயரைக் கேட்டு வையுங்கள். வங்கி அட்டைகளை அங்கேயே நின்று நிறுத்துங்கள். வெளிநாட்டுப் பயணி என்றால் சுற்றுலா அதிகாரசபையின் 1912க்கும் சொல்லி வைக்கலாம்.

8. முறைப்பாடு: இதில்தான் நான்கு நாள் போனது

நாங்கள் போன முதல் நிலையத்தில் "அந்த வாய்க்காலுக்கு அங்காலை எங்கட பிரிவில்லை" என்றார்கள். இரண்டாவது நிலையத்தில், இடம் வாய்க்காலுக்கு முதல் நிலையத்துப் பக்கம்தானே என்றார்கள். மூன்றாவதில்தான் புத்தகத்தைத் திறந்தார்கள். எந்தப் பொலிஸ் பிரிவு என்று முதலிலேயே கேட்கச் சொன்னதன் அர்த்தம் இப்போது விளங்கும். கிராம சேவகர் பிரிவின் பெயர் உங்கள் கையில் இருந்தால் இந்தப் பந்தாட்டம் இல்லை.

நிலையத்துக்குள் போகமுன் ஒரு தாளில் தமிழில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், தொலைந்த ஒவ்வொரு பொருளும் அதன் எண்ணும் பெறுமதியும், கூட நின்றவர்கள். வாயால் சொல்லும்போது மறக்கும், அழுகை வரும்.

எங்களுக்கு எழுதிய உத்தியோகத்தர் மரியாதையான ஆள்தான். சின்னம்மாவுக்குக் கதிரை கொடுத்தார். மேசையில் நூல் கட்டிய பேனா, நீளக் கோடு போட்ட தடித்த புத்தகம். ஆனால் அவர் எழுதியது முழுக்கச் சிங்களத்தில். முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். சின்னம்மா கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் தெரிந்தவர் ஒருவர் வாசித்துச் சொன்னபோதுதான் கடவுச்சீட்டு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்ததும், திகதி ஒரு நாள் பிந்தியிருந்ததும் தெரிந்தது. தூதரகத்தில் அந்தப் பிரதி செல்லாது. திருத்த மறுபடியும் அங்கே போய், பொறுப்பதிகாரி வரும்வரை இரண்டு பகல் இருந்தோம்.

வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். 1988இன் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் எழுதுங்கள் என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் பணியில் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றால், அவர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுத் திரும்பிப் போவது, விளங்காததில் கையெழுத்து வைப்பதைவிட மலிவு. எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. மொழி மறுக்கப்பட்டால் முறையிட 1956 என்ற இலக்கம் உண்டு. பெண்ணிடம் சேட்டை விட்ட சம்பவம் என்றால் பெண்கள் சிறுவர் பணியகத்தில் பெண் உத்தியோகத்தரிடம்தான் சொல்வேன் என்று கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கும் அழைக்கலாம்.

வெளியே வரமுன் துண்டில் முறைப்பாட்டு இலக்கம், புத்தகம், பக்கம், பந்தி எல்லாம் இருக்கிறதா பாருங்கள். உறுதிப்படுத்திய பிரதிக்குச் சின்னக் கட்டணம் உண்டு. பற்றுச்சீட்டை வாங்குங்கள். பிரதி இரண்டாக எடுங்கள்: ஒன்று தூதரகத்துக்கு, மற்றது காப்புறுதிக்கு.

9. உங்களையே பிடித்தால்

குரலை உயர்த்தாதீர்கள், வீடியோ எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள். எதற்காகக் கைது என்று கேளுங்கள். வீட்டுக்கு அறிவியுங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வந்து உங்களுக்காகக் கதைக்க 2012இன் விதிகள் இடம் தருகின்றன. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996, வவுனியாவில் பிராந்திய அலுவலகமும் உண்டு. அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். நாள் எண்ணத் தொடங்குவது சம்பவம் நடந்த நாளில் இருந்து.

வாகனத்துக்குத் தண்டப் பத்திரம் எழுதினால் தபாலகத்தில் 14 நாளுக்குள் கட்டுங்கள். பிந்தினால் இரட்டிப்பு, 28 நாள் தாண்டினால் நீதிமன்றம். அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்திருந்தால் அதை எடுக்க அதே நிலையத்துக்குத்தான் திரும்ப வரவேண்டும். ஆகவே ஊரைவிட்டுப் போகமுன் முடித்துவிடுங்கள்.

10. விமானம் ஏறமுன்

கடவுச்சீட்டுத் தொலைந்தவர் தூதரகத்தில் தற்காலிக ஆவணம் எடுத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்குள் வந்த பதிவைப் புதிய ஆவணத்தில் ஏற்றப் பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்துக்கும் ஒரு நடை போக வேண்டும். எங்களுக்குக் கொழும்பில் மூன்று நாள், அறை வாடகை, ஓட்டோ, விமானச் சீட்டு மாற்றிய காசு எல்லாம் சேர்ந்து, போன பையின் பெறுமதியைத் தாண்டிவிட்டது.

கடைசியாக, எனக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று. சின்னம்மா போய் ஐந்து கிழமையில் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். ஒரு போனும் பையும் கிடைத்தன. ஆனால் அவை இப்போது வழக்குப் பொருட்கள். நீதிமன்றம் விடுவித்தால்தான் கைக்கு வரும். உரித்தாளியோ அவருடைய அற்றோணியோ (அவருக்காக நடக்க எழுத்தில் அதிகாரம் பெற்றவர்) போய்க் கேட்க வேண்டும். ரொறன்ரோவில் உள்ள துணைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து அற்றோணித் தத்துவம் அனுப்ப இரண்டு மாதம் எடுத்தது. போகிற கிழமையே இங்கே ஒரு நொத்தாரிசிடம் எழுதி வைத்திருந்தால் ஒரு பின்னேர வேலை. அதோடு, முறைப்பாடு கொடுக்கும்போது உள்ளூரில் நிற்கிற ஒருவரும் தன் வாக்குமூலத்தைத் தனியாகப் பதிய வேண்டும். வழக்குத் தவணைக்கு அழைப்பாணை வரும்போது போக ஆள் வேண்டுமே. எனக்கு அடுத்த தவணை பங்குனியில்.